பிடுங்கியவளே விதைக்க வேண்டும்

எல் கோப்ரே, அரிஸோனா
நவம்பர் 4, 1991

எல்வீராவுக்கு,

என் மகனின் கல்லறைமேல் இருந்த செடியை நீ வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டாய். இறந்தவர்கள் நாளன்று, ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருந்தபோது, எல்லோர் கண் முன்னாலும் செய்தாய்.

கூட்டம் கலைந்த பிறகுதான் நான் போவேன் என்பது உனக்குத் தெரியும். மத்தியானம் போனேன். மண்ணைச் சுத்தமாகப் பெருக்கியிருந்தாய். நடுவில் ஒரு குழி, அதை மறைத்து உன் காகிதப்பூ வளையம். செடி குப்பைமேட்டில் தலைகீழாகக் கிடந்தது. ஆணிவேர் பாதியில் முறிந்திருந்தது. மீதிப் பாதி இன்னும் கீழே, அவனிடம் இருக்கிறது.

அது களை அல்ல. நம் ஊர்க்காரர்கள் கண்நோவுச் செடி என்று சொல்லித் திட்டுகிற செடிதான். ஆனால் மற்றதெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் பூக்கும். இது வெளிறிய இளஞ்சிவப்பு. சுரங்கத்துக் கழிவு மேட்டுக்குப் போகும் சாலையில் அப்படி ஒரே ஒரு புதர் இருந்தது. உன் கல்யாணத்துக்கு முன்பு அதில் ஒரு கொத்தை ஒடித்து உனக்குக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று யோசித்துப் பார். அந்தப் புதரில் விதை எடுத்து அவன் தலைமாட்டில் போட்டேன். அதற்கடுத்த வருடம் சாலையை அகலப்படுத்தினார்கள், புதர் போயிற்று. உலகத்தில் மிஞ்சியது அவன்மேல் இருந்த ஒன்றுதான்.

ஏன் தடுக்கவில்லை என்று சிப்ரியானாவைக் கேட்டேன். அவளுடைய புருஷன் கல்லறை பக்கத்து வரிசைதானே. "பொண்டாட்டிக்காரி பிடுங்குறா, நடுவுல நான் யாரு? அதுவுமில்லாம நிக்கானோர், உன் செடி தேஞ்சுபோன தொடப்பக்கட்ட மாதிரி நின்னுச்சு" என்றாள். கோடை முடிவில் அதை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டினால் அப்படித்தான் நிற்கும். வெட்டியது நான்.

அவனை இந்த ஊரிலிருந்து நீ பிடுங்கிக்கொண்டு போனாய். அப்போது நான் கடிதம் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

செலெஸ்தினோவின் தகப்பன்,
நிக்கானோர் புஸ்தமாந்தே


டூசான்
நவம்பர் 13, 1991

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நெஞ்சு இரைப்பு எப்படி இருக்கிறது? காலையில் குளிர் விலகுவதற்குள் வெளியே போகிறீர்களாம். போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

மாமா, எனக்குத் தெரியாது. சாமி அறிய, தெரியாது. தினோ எனக்குக் கொடுத்த பூ நினைவிருக்கிறது. அந்தச் செடிதான் இது என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் வருடத்துக்கு ஒருநாள் நவம்பரில் வருகிறேன். நவம்பரில் அது பூப்பதில்லை. போன வருடங்களில் அம்மாவோடு வந்தேன். அம்மா முழங்காலிட்டு ஜெபம் சொல்லி முடித்ததும் என்னை இழுத்துக்கொண்டு போய்விடுவாள். இந்த வருடம் தனியாக வந்தேன், சுற்றிலும் பார்த்தேன். எல்லாக் கல்லறையும் பெருக்கி, சுண்ணாம்பு அடித்து, விளக்கு வைத்திருந்தது. தினோவின்மேல் மட்டும் சாம்பல் நிறத்தில் காய்ந்த குச்சிகள். சிப்ரியானா அத்தை என் காதுபடவே பக்கத்திலிருந்தவளிடம், "மாமனாருக்கும் மருமகளுக்கும் ஆகாது. நடுவுல பாவம், பையன் மேல புதர் மண்டிக் கெடக்கு" என்றார். தடுக்காதது மட்டுமல்ல, சொன்னவரும் அவர்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது. உங்களால் குனிய முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பிடுங்கினேன். கையுறைகூட இல்லை. அன்று இரவு கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்த இலையின் பூனைமயிர் கண்ணில் விழுந்தால் இப்படித்தான் எரியும் என்று மருத்துவமனை நர்ஸ் சொன்னாள். எரியட்டும் என்றிருக்கிறது இப்போது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் அவரைப் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. சுரங்கத்தை மூடினார்கள், வந்தோம். அவர் விழுந்த அன்று, கூரைமேல் வீட்டைக் குளிர்விக்கும் பெட்டியை மாட்ட வேண்டாம், வெயில் தாழட்டும் என்று சொன்னவள் நான். "ஏணி சாத்தியாச்சு. நீ காப்பி போடு, அது ஆறுறதுக்குள்ள எறங்கிருவேன்" என்றார். நாலு வருடமாக நீங்கள் என்னிடம் கேட்டிருந்தால் நாலு வருடமும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

இங்கே நாற்றுப்பண்ணையில் அந்தச் செடி தொட்டியில் கிடைக்கிறது. இளஞ்சிவப்பும் இருக்கிறதாம். வாங்கிவந்து நடட்டுமா?

உங்கள் மருமகள்,
எல்வீரா


எல் கோப்ரே
நவம்பர் 19, 1991

எல்வீராவுக்கு,

கடையில் வாங்கிய செடி வேண்டாம். அது யாரோ ஒருவனின் செடி. தவிரவும் இதன் வேர் நேராகக் கீழே போவது. தொட்டியில் சுருண்ட வேர் மண்ணில் நிமிராது. இருக்கும் இடத்திலேயே முளைத்து, இருக்கும் இடத்திலேயே சாகும் சாதி இது.

குப்பைமேட்டு மண்ணை என் மனைவியின் மாவுச் சல்லடையில் சலித்தேன். சிப்ரியானா வேலிக்கு அப்பால் நின்று, "தங்கம் கெடச்சா எனக்கும் ஒரு பல்லுக்கு எடுத்து வை" என்றாள். கிடைத்ததை இதோடு அனுப்பியிருக்கிறேன். உரித்த ஆரஞ்சுச் சுளைகளை வட்டமாக அடுக்கியதுபோல் இருக்கும் காய். ஒவ்வொரு சுளைக்குள்ளும் விதை. கறுப்பு நல்லது, வெளிறியது பதர்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தவன் அல்ல. சின்ன வயதில் பருத்தி எடுத்தேன், பிறகு சுரங்கத்தில் லாரி ஓட்டினேன். இந்தச் செடி பருத்திக்கும் வெண்டைக்கும் சொந்தம் என்று விதைக்கடைக்காரன் சொன்னபோது பூவைப் பார்த்தேன், சரிதான் என்று தெரிந்தது. மற்றதெல்லாம் தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டேன். நீ அதே தப்புகளைச் செய்ய நேரமில்லை. பனிக்கால மழை வருவதற்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும்.

விதையின் தோல் கெட்டி. உப்புத்தாளை மடித்து உள்ளே வைத்து மெல்லத் தேய். பளபளப்பு போனால் போதும், உடைத்துவிடாதே. எரு போடாதே. உரம் போடாதே. கொழுத்த மண்ணில் இது இலையாக வளர்ந்து சாய்ந்துவிடும். சரளை கலந்த அந்தக் கல்லறை மண்தான் இதற்கு வேண்டியது. நகக்கண் ஆழத்துக்குமேல் புதைக்காதே. முளைக்கும்வரை மேல்மண் ஈரமாக இருக்கட்டும், முளைத்து நான்கு இலை விட்டபிறகு தண்ணீரைக் குறை. செல்லம் கொடுத்தால் அழுகும்.

நான் விதைக்க மாட்டேன். பிடுங்கியவளே விதைக்க வேண்டும். நீ வரும் நாளைச் சிப்ரியானாவிடம் சொல்லி அனுப்பு. அன்று நான் வீட்டில் இருப்பேன்.

கூரை விஷயம் படித்தேன்.

நிக்கானோர் புஸ்தமாந்தே


டூசான்
டிசம்பர் 9, 1991

அன்புள்ள மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்து விதைத்துவிட்டேன்.

உப்புத்தாளில் தேய்த்தபோது விதை மேஜையெல்லாம் துள்ளி ஓடியது. ஒன்று அடுப்புக்கு அடியில் போய்விட்டது. அடுப்பை நகர்த்தி எடுத்தேன். அதை விட மனம் வரவில்லை.

என் வண்டி பழுது. வேலை செய்யும் இடத்தில் தெரிந்த ஒருவர் அழைத்துவந்தார். நான் விதைக்கும்வரை அவர் கல்லறைத் தோட்டத்துக் கதவுக்கு வெளியே வண்டியிலேயே இருந்தார். சிப்ரியானா அத்தை தண்ணீர்க் குடத்தோடு வந்து என் தலைக்குமேலே நின்றுகொண்டு, "இன்னும் ஆழமா தோண்டேன், மாமனாரையும் சேர்த்துப் புதைச்சுரலாம்" என்றார். பிறகு அவரே அழுதுவிட்டார். தினோ சின்னப் பையனாக அவருடைய கோழிகளுக்குப் பேர் வைத்த கதையைச் சொன்னார். எனக்கு அது தெரியாது. உங்களிடம் அப்படி எத்தனை கதைகள் இருக்கும் மாமா.

விதைத்து முடித்ததும் உங்கள் தெரு வழியாகப் போகச் சொன்னேன். வாசலில் உங்கள் நாற்காலி இருந்தது. நீங்கள் இல்லை. நிறுத்தவில்லை.

கிறிஸ்துமஸுக்குச் சோளமாவில் தமாலே செய்து அனுப்புகிறேன். மிளகாய் குறைவாகப் போடுகிறேன், உங்கள் இருமலுக்கு.

எல்வீரா


எல் கோப்ரே
ஜனவரி 12, 1992

எல்வீராவுக்கு,

முளைத்துவிட்டது. மூன்று இடத்தில். முதல் இலை வட்டமாக இருக்கும், பார்த்துவிட்டு வேறு செடி என்று நினைத்துவிடாதே. அடுத்து வருவதுதான் ஓரம் சுருங்கி, சாம்பல் பூசினதுபோல் இருக்கும்.

நேற்று நீ வந்து போயிருக்கிறாய். மண் சொதசொதவென்று இருந்தது. மழை பெய்துகொண்டிருக்கும் மாதத்தில் எதற்குத் தண்ணீர்? அது பாலைவனத்துச் செடி, உன் சமையலறை ஜன்னல் துளசி அல்ல. கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் பழகு.

முயல் கடிக்காமலிருக்க மூன்றுக்கும் கோழிவலையில் கூண்டு போட்டிருக்கிறது. கம்பி முனை ஒவ்வொன்றும் உள்பக்கமாக மடக்கி முறுக்கியிருக்கிறது, தொட்டால் கையைக் கீறாது. நல்ல வேலை. அதை முறுக்கிய கை உன்னுடையது அல்ல. உனக்குக் கம்பி முறுக்கத் தெரியாது, நம் வீட்டுத் துணிக்கொடியை நீ கட்டிய லட்சணம் எனக்குத் தெரியும்.

சிப்ரியானா சொன்னாள். "அந்த ஆளு உள்ள வந்தாரு நிக்கானோர், முட்டி போட்டு வேல பாத்தாரு, திரும்பிப் போயி வண்டில உக்காந்துட்டாரு. அவளத் தொடக்கூட இல்ல. அதப் பாத்துதான் எனக்குப் புரிஞ்சுச்சு" என்றாள். எனக்கும் புரிகிறது. ஆனால் சிப்ரியானா வாயால் கேட்க வேண்டிய விஷயமா இது? யார் அவன்?

தமாலே வந்தது. மிளகாய் போதவில்லை.

நிக்கானோர்


டூசான்
ஜனவரி 23, 1992

அன்புள்ள மாமாவுக்கு,

அவர் பெயர் ரோகேலியோ. பருத்தி அரைக்கும் ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கிறார். நான் அங்கேதான் கணக்கு எழுதுகிறேன். மனைவியை இழந்தவர். அதிகம் பேசமாட்டார். கோழிவலையை அவராகத்தான் கொண்டுவந்தார். "முயல் விடாது. உங்க மாமனாருக்கு இது தெரிஞ்சிருக்கும், ஆனா அவரக் கேக்க உங்களுக்குப் பயம், அதான்" என்றார்.

மே மாதம் கல்யாணம். இதை உங்களிடம் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றிருந்தேன். நான் கல்லறைக்கு வரும் நாளில் நீங்கள் வீட்டுக் கதவை மூடிக்கொண்டு உள்ளே இருந்தால் எப்படிச் சொல்வேன்?

தினோவின் இடத்தில் யாரையும் வைக்கவில்லை மாமா. என் வீட்டில் இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் சம்மதித்தால் மனது நிறைவாக வாழ்வேன். சம்மதிக்காவிட்டாலும் கல்யாணம் நடக்கும், ஆனால் நிறைவு இருக்காது. உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை.

ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மருமகள்,
எல்வீரா


டூசான்
ஏப்ரல் 6, 1992

அன்புள்ள மாமாவுக்கு,

ஜனவரியில் எழுதினேன், பதில் இல்லை. பிப்ரவரிக் கடைசியில் எழுதினேன், அதற்கும் இல்லை. உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று சிப்ரியானா அத்தைக்குப் போன் செய்தேன். "உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கான். நெஞ்சுதான் சங்கு ஊதுது. சிகரெட்ட விட்டா அந்த ஆளு இன்னும் நம்மள எல்லாம் திட்டிக்கிட்டு ரொம்ப நாள் இருப்பான்" என்றார்.

நேற்று வந்திருந்தேன். மழை நல்ல மழை என்பதால் முதல் வருடமே பூத்துவிட்டது. கூண்டுக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டு மூன்று செடியும் பூத்திருக்கிறது.

மூன்றும் ஆரஞ்சு.

நான் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சாலையோரத்தில், தண்டவாளத்தில், எங்கே பார்த்தாலும் இருக்கிற அதே ஆரஞ்சு. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் செடி இல்லை. உலகத்தில் ஒன்றுதான் இருந்தது, அதை நான் பிடுங்கிவிட்டேன், இனி அது வராது என்பது எனக்கு நேற்றுதான் உறைத்தது. கடிதத்தில் படித்தபோது உறைக்கவில்லை.

இதைப் பிடுங்கிவிட்டு, மிச்ச விதை ஏதாவது இருந்தால் மறுபடி போடட்டுமா? அல்லது நாற்றுப்பண்ணைக்காரரிடம் விதையாகக் கேட்கட்டுமா? இந்த முறை உங்களைக் கேட்காமல் தொட மாட்டேன். நீங்கள் சொல்லும்வரை அது அப்படியே இருக்கும்.

கல்யாணம் மே இரண்டாம் சனிக்கிழமை. நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரியும். ஒரு நாற்காலி காலியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

எல்வீரா


எல் கோப்ரே
ஏப்ரல் 21, 1992

எல்வீராவுக்கு,

ஆரஞ்சு என்பது எனக்கு முன்பே தெரியும். மொட்டு விரியத் தொடங்கினால் நுனியில் நிறம் தெரிந்துவிடும். நான் தினமும் போகிறேன். உனக்கு எழுதவில்லை, ஏனென்றால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கடிதம் எழுதத் தெரியாமல் இல்லை. அது வேறு.

பிடுங்காதே. வேறு விதையும் போடாதே. சுற்றிலும் அத்தனை ஆரஞ்சுப் புதர் இருக்கும்போது, தேனீ அந்தப் பூக்களின் மகரந்தப் பொடியைக் கொண்டுவந்து இதில் போட்டிருக்கிறது. அது யாரையும் கேட்டுச் செய்வதில்லை. இந்தக் குடும்பத்துச் செடி அப்படித்தான், பக்கத்தில் இருப்பதோடு கலந்துவிடும். என் செடியிலிருந்து வந்தது இது. நிறம் வேறு. இருக்கட்டும்.

நீ பிடுங்கியதை நான் மன்னிக்கவில்லை. அது தெரியாமல் நடந்தது என்பதையும் நம்புகிறேன். இரண்டும் இருக்கும்.

ஜூன் மாதம் நான் யூமாவுக்குப் போகிறேன், என் தங்கை வீட்டுக்கு. சுரங்கத் தூசி நெஞ்சில் கல்லாகிவிட்டது, இனிப் பிராணவாயுக் குழாய் இல்லாமல் தூங்கக் கூடாதாம், தனியாக இருக்கக் கூடாதாம். டாக்டர் ஒரு சின்னப் பையன். "தாத்தா, இங்க உங்களப் பாத்துக்க யாரு இருக்கா?" என்றான். இருந்தவன் கல்லறையில் இருக்கிறான் என்று சொல்லவில்லை. உன் வீட்டுக்கு வரச்சொல்லி நீ எழுதுவாய் என்று தெரியும். எழுதாதே. வரமாட்டேன்.

ஆகையால் இனி என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும் என்பதை எழுதிவிடுகிறேன்.

வெயில் ஏறியதும் கூண்டை எடுத்துவிட வேண்டும், தண்டு தடித்துவிட்டது, முயலுக்கு இனி ருசிக்காது. கட்டிய கையே அவிழ்க்கட்டும், ரோகேலியோ.

கோடை முடிவில் ஒரு சாண் விட்டு வெட்டுவதும் அவன் வேலை. கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல், நீளக் கையுள்ள சட்டை போடச் சொல், காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி நிற்கச் சொல். வெட்டிய கையைக் கழுவாமல் முகத்தைத் தொடக் கூடாது. கதவுக்கு வெளியே வண்டியில் உட்கார வேண்டாம். உள்ளே வந்து தன் பெயரைச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பிக்கட்டும். தினோவுக்கு அவனைத் தெரியாது.

கடுங்கோடையில் மழை பொய்த்தால் மாதம் ஒருமுறை ஒரு வாளி, அதற்குமேல் இல்லை. இது சிப்ரியானா. அவளிடம் பேசிவிட்டேன். "ஊத்துறேன், ஆனா உன் செடிகிட்ட உன்னப் பத்தி நல்லதா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். சொல்ல வேண்டாம்.

நவம்பரில் கல்லறையைப் பெருக்குவது நீ. செடியைச் சுற்றிப் பெருக்கு. கீழே உதிர்ந்ததை அள்ளாதே, அதில்தான் அடுத்தது இருக்கிறது. இந்தச் செடிக்கு ஆயுசு ஐந்தாறு வருடம்தான், தானாகக் காயும். காய்ந்த பிறகு பிடுங்கலாம். அப்போது என்னைக் கேட்க வேண்டியதில்லை.

நவம்பரில் மட்டும் வந்தால் போதாது. மார்ச்சிலும் வா, பூத்திருக்கும்போது. அதையும் நீதான் செய்ய வேண்டும், வேறு ஆள் இல்லை.

கல்யாணத்தில் அந்த நாற்காலியைக் காலியாக வைக்க வேண்டாம். நிற்கிற யாரையாவது உட்காரச் சொல்.

ரோகேலியோவுக்குத் தகப்பனார் இருக்கிறாராம், சிப்ரியானா விசாரித்து வைத்திருக்கிறாள். மே மாதத்திலிருந்து மாமா என்று அவரைக் கூப்பிட வேண்டும். அது அவருக்குச் சேர வேண்டியது, கொடுக்க வேண்டியவள் நீ. எனக்கு எழுதும்போது என் பெயரைச் சொல்லி எழுது.

நிக்கானோர்